180 குதிரை என்று சொன்னால், எங்கே அளந்தது என்று கேளுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காரில் சுப்பர்சார்ஜர் (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) பூட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வருகிறவர்கள், பொனற்றைத் திறக்க முன்னமே கேட்பது ஒன்றுதான்: "எத்தனை எச்.பி. அண்ணை?" எச்.பி. என்றால் குதிரைவலு, எஞ்சினின் வலுவை அளக்கும் அலகு. பதிலும் 180, 200, 220 என்று முழு எண்ணாகவே வரும். எங்கே அளந்தது, என்ன முறையில் அளந்தது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. சில வருடங்களாக நான் இப்படி ஒரு காரைத்தான் வேலைக்கும் வீட்டுக்கும் ஓடுகிறேன். இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன, அவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்று இந்தக் காரோடு இருந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இதில் புதிதாக இறங்கும் தம்பிமாருக்குக் கொஞ்சம் காசாவது மிஞ்சும்.

என்னுடையது ஏஈ101 கொரோலா. உள்ளே இருப்பது ஜப்பானிலிருந்து ஹாஃப்கட்டாக, அதாவது பாதியாக வெட்டிய பழைய காரோடு, வந்த 4ஏ-ஜிஇசட்இ எஞ்சின். 1.6 லீற்றர், பெல்ட்டில் சுழலும் எஸ்சி12 சுப்பர்சார்ஜர், கம்பனி பூட்டிய இன்ரகூலர் (அமுக்கிய காற்றைக் குளிர்விப்பது). மெதுவாகப் போகும்போது மின்காந்தக் கிளச் சுப்பர்சார்ஜரை விட்டுவிடும், காலை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் முறைப்படி பதிந்துவிட்டேன். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில், இருக்கிற காரையே நல்லாக்குவோம் என்று என்னைப் போல இறங்கியவர்கள் என் வட்டத்திலேயே சிலர்.

இந்த எஞ்சினுக்கு டொயோட்டா சொன்ன கணக்கு நிமிடத்துக்கு 6400 சுற்றில் 170 பிஎஸ், 4400 சுற்றில் 206 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. பிஎஸ் என்பது மெற்றிக் குதிரைவலு, 735.5 வாற்று. ஆங்கிலேயக் குதிரைவலு 745.7 வாற்று. இந்த வித்தியாசம் ஒன்றரை வீதம்கூட இல்லை, அதை விடுவோம். பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

கொழும்புப் பக்கம் ஒரு கராஜில் காரை உருளை டைனோவில், அதாவது சில்லுகளை உருளைகளின் மேல் சுழலவிட்டு வலுவை அளக்கும் இயந்திரத்தில், ஏற்றினேன். சில்லில் 135 பிஎஸ் காட்டியது. கணினியில் இருந்த பொடியன் திரும்பிப் பார்த்து, "எஞ்சினுக்கு எத்தனை வீதம் போடட்டும் அண்ணை?" என்று கேட்டான். கியர்பொக்ஸ், அச்சு, ரயர் எல்லாம் தின்றது போகத்தான் சில்லுக்கு வரும். தின்றது எவ்வளவு என்று டைனோ தானாக அறியாது, ஓர் எண்ணை நாம்தான் கொடுக்கிறோம். 15 வீதம் என்றால் எஞ்சினில் 159. 20 வீதம் என்றால் 169. 25 வீதம் போட்டால் 180! கார் அசையவில்லை, ஒரு நட்டுக்கூடத் திருகவில்லை, 21 குதிரை கூடிவிட்டது. முன்சில்லு இழுக்கும் மனுவல் காருக்கு 15 வீதம் அளவில் எடுப்பது வழக்கம். அதுவும் ஒரு மதிப்பீடுதான். அதனால் யார் கேட்டாலும் நான் சில்லில் வந்ததை மட்டுமே சொல்கிறேன். சின்ன எண்ணாக இருக்கிறதே என்று முகம் சுருங்குகிறவர்களுக்கு மிச்சத்தை விளக்குகிறேன்.

டைனோ அச்சடித்துத் தரும் தாளின் மூலையில் சின்ன எழுத்தில் இன்னொன்று இருக்கும்: எஸ்.ரி.டி. அல்லது எஸ்.ஏ.ஈ. காற்றின் சூடும் அழுத்தமும் நாளுக்கு நாள் மாறுவதால், ஒரு பொது நிலைக்கு மாற்றிக் காட்டுகிற திருத்தம் அது. எஸ்.ரி.டி. 15.5 பாகை செல்சியஸ் குளிரான காற்றை வைத்துக் கணக்குப் பார்க்கிறது. எஸ்.ஏ.ஈ. ஜே1349 25 பாகையையும், 990 ஹெக்டோபஸ்கல் உலர்ந்த காற்றையும் எடுக்கிறது. ஒரே ஓட்டத்தை இரண்டிலும் அச்சடித்தால் எஸ்.ரி.டி. ஏறத்தாழ 4 வீதம் கூடக் காட்டும். டைனோ இயந்திரங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. பாரமான உருளையைச் சுழலவிடும் டைனோஜெற் வகையைவிட, சுமை கொடுத்து அளக்கும் மஸ்டாங் வகை பொதுவாகக் குறைவாகத்தான் காட்டும். இரண்டு ஊரில் இரண்டு டைனோவில் எடுத்த இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு யாருடைய கார் பெரியது என்று சண்டை பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

இனி வெக்கை. சுப்பர்சார்ஜர் காருக்கு இங்கே பெரிய எதிரி இதுதான். அன்று டைனோவில் அடுத்தடுத்து முழு வேகத்துக்கு இழுத்து அளந்தபோது மூன்றாவது இழுவையில் 135, 126 ஆக இறங்கியது. காரணம் எளிது. காற்றை அமுக்கினால் அது சுடும். 32 பாகைக் காற்றை 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல்) கூடுதல் அழுத்தத்துக்கு (இதுதான் பூஸ்ட்), அதாவது வெளிக்காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காக, 60 வீதத் திறனுள்ள சுப்பர்சார்ஜர் அமுக்கினால் வெளியே வரும் காற்று 95 பாகையைத் தொடும். சூடான காற்று ஐதானது. இன்ரகூலர் இல்லாவிட்டால் அழுத்தம் 50 வீதம் கூடினாலும் எஞ்சினுக்குள் போகும் காற்று 25 வீதம்தான் கூடும். அந்த வேலைக்கே எஞ்சினிடமிருந்து 12 குதிரையளவு பெல்ட் வழியாகப் போய்விடும். "7 பிஎஸ்ஐ பூஸ்ட், அப்ப 50 வீதம் கூட" என்று சொல்லி விற்கிறவர்கள் இந்த இரண்டையும் சொல்வதில்லை. மனம் வெறுக்கிறது.

நான் இன்ரகூலருக்குப் பின்னால் ஒரு சூட்டுமானி பூட்டியிருக்கிறேன். இந்தக் காரில் நான் செய்த வேலைகளில் அதிகம் பயன்பட்டது அதுதான். மார்கழி, தை விடியற்காலையில் ஏ9 வீதியில் சாவகச்சேரி தாண்டிப் போகும்போது காட்டுகிற எண் ஒன்று. சித்திரை மதியம் ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் ஊர்ந்துவிட்டுத் திறந்த வீதிக்கு வரும்போது காட்டுவது வேறொன்று, 25 பாகைக்கு மேல் கூட. அந்த நேரம், எஞ்சினில் பெற்றோல் தானாக வெடிப்பதை உணரும் நொக் சென்சர் தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளிவிடும், கார் சோர்ந்துவிட்டது காலிலேயே தெரியும். 95 ஒக்ரேன் பெற்றோல் கிடைக்காமல் 92 அடித்திருந்தால் சோர்வு இன்னும் முன்னதாக வரும். ஆகவே காரின் வலு எவ்வளவு என்றால், குளிர்ந்த முதல் இழுவையின் எண்ணை நான் எடுப்பதில்லை. சுட்ட மூன்றாவது இழுவைதான் நான் ஓடுகிற கார்.

டைனோவுக்கு அடிக்கடி போக முடியாது. வீதியிலேயே அளக்கலாம், ஆனால் ஒழுங்காகச் செய்யவேண்டும். நகருக்கு வெளியே கார்களுக்கு மணிக்கு 70 கிலோமீற்றர் எல்லை. அதற்குள் இரண்டாம் கியரில் 40 இலிருந்து 70 வரை என் எஞ்சின் ஏறத்தாழ 3000 இலிருந்து 5300 சுற்று வரை போகிறது. உச்ச வலு இதற்குள் வராது, அதற்கு டைனோதான். நாளாந்தம் நான் பாவிப்பது இந்த இடைவெளிதான் என்பதால் எனக்கு இது போதும். கணக்கு இப்படி: காரும் நானும் பெற்றோலும் சேர்ந்து 1200 கிலோ. 60 இலிருந்து 70 க்கு ஏற 60,000 யூல் சக்தி கூட வேண்டும். 0.8 செக்கனில் ஏறினால் 75 கிலோவாற்று, 102 பிஎஸ். காற்றுத் தடை, ரயர் உருளும் தடை, சுழலும் பாகங்கள் தின்பது எல்லாம் கூட்டினால் சில்லில் 120 க்குக் கிட்ட வரும். அதே ஏற்றம் 0.88 செக்கன் எடுத்தால் 102, 93 ஆகிவிடும். அவ்வளவு சின்ன இடைவெளியை, செக்கனுக்கு ஒருமுறை இடம் காட்டும் சாதாரண ஃபோனால் பிடிக்க முடியாது. செக்கனுக்குப் பத்துத் தரம் பதியும் ஜிபிஎஸ் கருவி வேண்டும். பக்கத்தில் ஓர் ஆளை ஏற்றினாலே கணக்கு 5 வீதம் பிழைக்கும்.

எங்கள் ஊர் தட்டையாக இருப்பது இதற்குப் பெரிய கொடை. ஒரு வீதச் சரிவுகூட இந்தக் கணக்கில் 3 குதிரையை மறைக்கும். காற்று மட்டும் பொல்லாதது. சங்குப்பிட்டிப் பாலம் கடந்து பூநகரிப் பக்கம் சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில், போகும் திசையும் வரும் திசையும் இரண்டையும் எடுத்துச் சராசரி பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. நான் விடியற்காலையில், வீதியில் வேறு வாகனம் இல்லாதபோது மட்டும்தான் எடுக்கிறேன். சைக்கிளில் போகிற ஒரு ஆளைக் கண்டாலும் அன்றைக்கு அளவு இல்லை.

கொக்குவிலில் ஒரு சிநேகிதனிடம் பி16ஏ எஞ்சின் பூட்டிய ஹொண்டா சிவிக் இருக்கிறது. மையநீக்க வகை (விசிறி போலச் சுழன்று காற்றைத் தள்ளும்) சுப்பர்சார்ஜர், 7 பிஎஸ்ஐ. "200" என்கிறான். இதைத் தாளே இல்லாமலும் சோதிக்கலாம். முறுக்குவிசையைச் சுற்றால் பெருக்கி 7023 ஆல் வகுத்தால் பிஎஸ். 6000 சுற்றில் 200 பிஎஸ் என்று யாராவது சொன்னால் 234 நியூட்டன் மீற்றர் வேண்டும். சாதாரண 1.6 லீற்றர் எஞ்சின் 150 அளவில்தான் தரும், 25 வீதம் கூட்டினாலும் 190 க்குக் கீழே. அங்கே அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் பி16ஏ 7600 சுற்றில் 160 பிஎஸ் தரும் எஞ்சின். அந்த உயரத்தில் 25 வீதம் கூடினால் 200 என்பது நம்பக்கூடியதே. அவன் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

என்றாலும் 40 இலிருந்து 70 வரை இரண்டு காரையும் அளந்தால் என் கொரோலாதான் முன்னுக்கு நிற்கிறது. மையநீக்க வகையின் பூஸ்ட், சுற்றின் வர்க்கத்தோடு ஏறும். 7600 இல் 7 பிஎஸ்ஐ என்றால் பாதிச் சுற்றில் கால்வாசிதான். என்னுடையது கீழிருந்தே முழுதாக அமுக்கும். பருத்தித்துறை வீதியில் லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) ஒன்றைத் தாண்ட எனக்கு வேண்டியது 4000 சுற்றில் உள்ள வலு. ஓடுபாதையில் அவன் என்னைத் தூக்கிச் சாப்பிடுவான், அதிலும் சந்தேகமில்லை. உச்ச எண் ஒன்றை மட்டும் ஒப்பிட்டால் இந்த இரண்டு உண்மைகளும் தொலைந்துபோகும். வளைகோடு முழுவதையும் பாருங்கள். வரைபடம் கிடைத்தால் ஒரு சோதனை: இறாத்தல் அடியில் முறுக்குவிசையும் குதிரைவலுவும் ஒரே அளவுத்திட்டத்தில் வரையப்பட்டிருந்தால் இரண்டு கோடுகளும் 5252 சுற்றில் வெட்டவேண்டும். வெட்டாத வரைபடம் பிழை, விவாதமே தேவையில்லை.

இந்த எண் விளையாட்டு எங்கள் தலைமுறையில் தொடங்கியதும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் இன்றைக்கும் நிற்கிற ஒஸ்ரின் ஏ40 இன் பெயரிலுள்ள 40, அதன் 1.2 லீற்றர் எஞ்சினின் குதிரைவலுவைக் குறித்ததுதான். அதற்கு முந்திய ஒஸ்ரின் செவினின் 7 வரி விதிப்பதற்கான எண், சிலிண்டர் விட்டத்தை வைத்துக் கணக்கிட்டது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் சொட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40 களில் அந்த 40 இல் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? ஆனாலும் அவை சுமையோடு ஓடின. அந்தக் கார்களைக் காப்பாற்றிய மெக்கானிக்மார் மேல் எனக்குத் தனி மரியாதை.

வைத்திருப்பது பற்றிச் சுருக்கமாக. பெல்ட்டின் இறுக்கத்தை அடிக்கடி பார்க்கவேண்டும், வழுக்கினால் பூஸ்ட் விழும். சுன்னாகம், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தூசி ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும். எஞ்சின் சூட்டையே உறிஞ்சும் திறந்த கூம்பு ஃபில்டரை நான் பூட்டவில்லை, சத்தம் நல்லாயிருந்தாலும். சுப்பர்சார்ஜரின் பெல்ட்டுக்குச் சின்னப் புல்லி (கப்பிச் சக்கரம்) பூட்டச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். சுப்பர்சார்ஜர் வேகமாகச் சுழலும், பூஸ்டும் ஏறும், முதல் இழுவையின் எண்ணும் அழகாக இருக்கும். பெரிய இன்ரகூலர் போடாமல் அதைச் செய்தால் எங்கள் மதியத்தில் வெக்கையைத்தான் கூட்டுகிறோம். முதலில் இன்ரகூலர், பிறகுதான் புல்லி.

இப்படி ஒரு கார் வாங்கப் போகிறீர்கள் என்றால் தாளைக் கேளுங்கள். சில்லில் எவ்வளவு, எந்தத் திருத்தம், எத்தனையாவது இழுவை என்று பாருங்கள். பிறகு எஸ்சி12 இன் எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள். அதற்கென்று தனி எண்ணெய் இருப்பது பலருக்குத் தெரியாது. அது கறுத்துக் கருகல் மணம் அடித்தால், தாளில் 200 என்று இருந்தாலும் நான் அந்த விலை கொடுக்க மாட்டேன்.