கொரங்காடு: முழுசாகத் திறந்து விடுவதா, மாற்றி மாற்றி மேய்ப்பதா?

காங்கேயம் பக்கம் கொரங்காடு, அதாவது மாடு மேய்க்கும் மானாவாரி மேய்ச்சல் நிலம், வைத்திருப்பவர்களுக்கு இது புதுக் கேள்வி இல்லை. காட்டை முழுசாகத் திறந்து வருஷம் பூரா மாட்டை விடலாம், இல்லையென்றால் கிளுவை என்னும் முள்செடி வேலியால் துண்டு துண்டாகப் பிரித்து ஒன்றுமாற்றி ஒன்று மேய்க்கலாம்.

திறந்து விட்டால் வேலை குறைவு, ஒரே தண்ணீர்த் தொட்டி போதும். ஆனால் மாடு ருசி பார்த்துத்தான் மேயும். கொழுக்கட்டைப் புல்லைத் தேடிப்போய்க் கடிக்கும், அது துளிர்விடும்போதே திரும்பவும் கடிக்கும், கடைசியில் வேரில் சேர்த்து வைத்த சத்தும் தீர்ந்து தூர் செத்துவிடும். அந்த இடத்தில் மாடு முகர்ந்துகூடப் பார்க்காத களைதான் வரும். செம்மறி இன்னும் மோசம், தரையோடு ஒட்டக் கடிக்கும்.

மாற்றி மேய்க்கும்போது புல்லுக்கு ஓய்வு கிடைக்கிறது. சாணமும் ஒரே மரத்தடியில் குவியாமல் பரவலாக விழுகிறது. சிரமம், துண்டுக்குத் துண்டு தண்ணீர் வேண்டும். போத்து (வெட்டிய கிளை) நட்ட கிளுவை அடர்த்தியான வேலியாகச் சில வருஷமாவது ஆகும்.

ஜிம்பாப்வேயின் மேய்ச்சல் நிபுணர் ஆலன் சேவரி இந்த முறையால் பாலைவனத்தையே மீட்கலாம் என்றார்; விஞ்ஞானிகள் பலர் அதை ஏற்கவில்லை. எனக்கும் அவ்வளவு நம்பிக்கை கிடையாது, ஏனென்றால் காடு தாங்காத அளவுக்கு மாடு கட்டினால் எப்படி மாற்றினாலும் மண்தான் மிஞ்சும்.

ஆனாலும் என் ஓட்டு மாற்றி மேய்ப்பதற்கே. சின்னக் காடா? சரி, இரண்டாக மட்டும் பிரியுங்கள், ஐப்பசி மழைக்குப் பிறகு ஒன்றை விதை உதிரும்வரை மூடி வையுங்கள்.