2147483647, 4294967297: இரண்டில் எது பகா எண்?
இரண்டுக்கும் 10 இலக்கம், இரண்டும் 7-இல் முடிகின்றன. பார்த்த மாத்திரத்தில் எதுவும் சொல்ல முடியாது.

4294967297, அதாவது 2³² + 1, பகா எண்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை அதை 641 × 6700417 என்று உடைத்துவிட்டார். அவர் கண்மூடித்தனமாக வகுக்கவில்லை. இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அத்தகைய பகா எண்களை வரிசையாக எடுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே சிக்கிவிடுகிறது! ஃபெர்மா இதை எப்படிக் கோட்டைவிட்டார் என்பதுதான் ஆச்சரியம்.

2147483647, அதாவது 2³¹ − 1, அப்படி மசியாது. 1772-இல் அது பகா எண் என்று நிறுவியவரும் ஆய்லர்தான். இங்கே எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 46340 வரை, தகுதியுள்ள ஒவ்வொரு காரணியையும் வகுத்துப் பார்த்துத் தள்ள வேண்டும். உடைப்பதைவிடப் பெரிய வேலை. இரண்டில் எது பெரிய சாதனை என்றால், என் ஓட்டு இதற்கே. அப்புறம், 2038 ஜனவரியில், விநாடிகளை எண்ணிவரும் பழைய 32 பிட் கணினிக் கடிகாரங்கள் முட்டி நிற்கப்போவதும் இந்த எண்ணில்தான்.