மழையில் பறக்கும் செஸ்னாவுக்கு பிளெக்சஸ் ஸ்ப்ரே: என் அனுபவம்

சின்ன விமானத்துக்கு வைப்பர் கிடையாது. நான்கு பேர் உட்காரும் ஒற்றை இஞ்சின் விமானமான செஸ்னா 172-இல் மழைத்தண்ணீரைத் தள்ளிவிடுவது புரொப்பல்லர் வீசும் காற்றும் விமானம் போகும் வேகமும்தான். முன்கண்ணாடி சுத்தமாகவும் வழுவழுப்பாகவும் இருந்தால்தான் அந்தக் காற்றால் வேலை செய்ய முடியும். எண்ணெய்ப் பிசுக்கோ காய்ந்த பூச்சியோ ஒட்டியிருந்தால் தண்ணீர் அங்கேயே பிடித்துக்கொண்டு, பார்வை முழுக்கக் கலங்கிவிடும். அதனால்தான் பிளெக்சஸ் என்ற துடைக்கும் ஸ்ப்ரேயைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் சியாட்டிலுக்குப் பக்கத்தில் ரென்டன் விமான நிலையத்தில், நண்பர்கள் சிலரோடு பங்கு போட்டு வாங்கிய பழைய 172 எங்களுடையது. ஹேங்கர் (விமானக் கொட்டகை) இல்லை. வெட்டவெளியில் கயிறு கட்டி நிற்கிறது. அக்டோபரில் ஆரம்பிக்கும் மழை ஏப்ரல் வரை விடாது. பெரும்பாலும் நம்மூர் அடைமழை மாதிரி கொட்டாது, நாள் முழுக்கப் பிசுபிசுவென்று தூறும். ஈரம் காயவே காயாததால் ஜன்னல் ரப்பர் ஓரமெல்லாம் பச்சைப் பாசி பிடிக்கிறது. இந்த ஊரில் மழையைத் தவிர்த்துத்தான் பறப்பேன் என்றால் பாதி வருடம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். மேகத்துக்குக் கீழே, பார்வைத் தூரம் போதுமான அளவு இருந்து, தண்ணீர் உறையும் குளிர் நல்ல உயரத்தில்தான் தொடங்குகிறது என்றால், தூறலில் தாராளமாகப் பறக்கலாம். இறக்கையில் பனிக்கட்டி படியும் வாய்ப்பு இருக்கும் நாளில் மட்டும் கிட்டேயே போகக்கூடாது. 172-இன் இறக்கையில் பனியை நீக்க எந்த ஏற்பாடும் இல்லை.

சரி, பிளெக்சஸுக்கு வருவோம். இது பிளாஸ்டிக்குக்கென்றே செய்த ஸ்ப்ரே. 172-இன் முன்கண்ணாடி அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். வீட்டுக் கண்ணாடிக்கு அடிக்கும் அமோனியா கலந்த கிளீனர், ஆல்கஹால், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் அதற்கு ஆகாது. செஸ்னாவின் கையேடே கண்ணாடி கிளீனர் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. எங்கள் விமானத்தில் முன்பு ஒருமுறை, விமானம் கழுவிக் கொடுக்கும் ஒருவர் (வேறொரு ஊர், பெயர் வேண்டாம்) பக்கவாட்டு ஜன்னலுக்கு வீட்டுக் கிளீனரை அடித்துத் துடைத்திருக்கிறார். அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் சூரியன் தாழ இருந்தபோது பார்த்தால், பிளாஸ்டிக்குக்கு உள்ளே வெள்ளிக் கம்பி மாதிரி நூறு மயிரிழை வெடிப்புகள். நேராகப் பார்த்தால் தெரியாது. தலையைச் சாய்த்தால் அத்தனையும் மின்னும். அந்த ஜன்னலை மாற்றத்தான் வேண்டியிருந்தது.

பிளெக்சஸ் அடித்துத் துடைத்தால் மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று தங்குகிறது. அதன் பலன் மழையில்தான் தெரியும். ஓடுபாதையை நோக்கி மெதுவாக உருளும்போது கண்ணாடி முழுக்கச் சின்னச் சின்ன முத்துக்களாகத் தண்ணீர் நிற்கும். அப்போது முன்னால் பார்ப்பது கொஞ்சம் சிரமம்தான். எந்த ஸ்ப்ரே போட்டாலும் அப்படித்தான். இஞ்சின் பவரைக் கூட்டும் திராட்டிலை முழுசாகத் தள்ளியதும் முத்துக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவிலிருந்து மேல்நோக்கிக் கோடு கோடாக ஓட ஆரம்பிக்கும். சக்கரம் தரையை விடுவதற்குள் நடுப்பகுதி தெளிந்துவிடும். 110 நாட் (மணிக்குச் சுமார் 200 கி.மீ.) வேகத்தில் மிதமான மழையில் போனால் ஓரங்களில் மட்டும் நீர்க்கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும், நேரெதிரே மவுண்ட் ரேனியர் மலைப் பக்கத்து மேகத்தின் அடிவிளிம்பு வரை தெரியும். படலம் தேய்ந்துபோன கண்ணாடியில் இதே மழை சவ்வுமாதிரி பரவி நிற்கும். இரண்டையும் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும்.

இறங்கும்போதுதான் இது இன்னும் முக்கியம். பவரைக் குறைத்ததும் காற்றும் குறைகிறது, தண்ணீர் மறுபடி தங்குகிறது. கண்ணாடியில் தங்கும் மழைநீர், நாம் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதுபோல் கண்ணுக்குக் காட்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேட்டில் இந்தக் கண்மயக்கம் இருக்கிறது. உயரமாக இருக்கிறோம் என்று நினைத்துத் தாழ்த்திக்கொண்டே போனால், ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையைத் தொட வேண்டியிருக்கும். ரென்டனில் குளிர்கால மழைக்காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து அடிப்பதால், காற்றை எதிர்கொண்டு, தெற்கு நோக்கிய 16-ஆம் ஓடுபாதையில்தான் இறங்குவோம். அதற்கு வாஷிங்டன் ஏரிக்கு மேலே வர வேண்டும். கீழே சாம்பல் நிறத் தண்ணீர், மேலே அதே நிறத்தில் வானம். எங்கே மழை பெய்தாலும் சரி, ஓடுபாதையோரம் இறங்கும் சரிவைக் காட்டும் நான்கு விளக்குகள் இருந்தால், சரியான சரிவைச் சொல்லும் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பைப் பிடித்துக்கொண்டு வருவதே நல்லது. ஸ்ப்ரே இந்தக் கண்மயக்கத்தை ஒழிக்காது. தங்கும் தண்ணீரைக் குறைக்கும், அவ்வளவுதான். அந்த அவ்வளவே எனக்குப் பெரிய உதவி.

போடும் முறையில் நிறைய இருக்கிறது. முதலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டு, வெறும் கையால் தடவி மண்ணை நீக்க வேண்டும். மணல் துகள் இருந்தால் விரல் சொல்லிவிடும், துணி சொல்லாது. அப்புறம்தான் ஸ்ப்ரே. மேலும் கீழுமாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் நுண்ணிய கீறல்கள் வட்டமாக விழுந்து, சூரியனுக்கு நேராகப் போகும்போது கண்ணைக் கூசும். காகிதத் துண்டு வேண்டவே வேண்டாம். மைக்ரோஃபைபர் துணியைக் கண்ணாடிக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் பக்கம் துடைத்த துணி இதற்கு வரக்கூடாது. துவைக்கும்போது துணி மென்மையாக்கியைச் சேர்க்காதீர்கள்.

பக்கவாட்டில் துடைக்கும்போது ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துக்கொள்வதே என் பழக்கம். 172-இல் இடதுபக்கம், கதவுக்குச் சற்று முன்னால், வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் ஸ்டாட்டிக் துளை இருக்கிறது. உயரமானியும் வேகமானியும் நம்பியிருக்கும் அந்தப் பொட்டுத் துளைக்குள் மெழுகு போகக்கூடாது. கழுவும்போது மூடிவைத்தால், கண்ணில் அறையும் நிறத்தில் மூடியைப் போட்டு, முடிந்ததும் எடுத்தாக வேண்டும். 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603, போயிங் 757, சுத்தம் செய்தபோது ஸ்டாட்டிக் துளைகளில் ஒட்டிய டேப்பை எடுக்காமல் விட்டதால் கடலில் விழுந்தது. விமானத்தில் இருந்த 70 பேரும் போய்விட்டார்கள். துடைத்து முடித்தபின் அந்தத் துளையை ஒருமுறை கிட்டப் போய்ப் பார்க்காமல் நான் விமானத்தில் ஏறுவதில்லை.

உட்பக்கத்துக்கும் இதே ஸ்ப்ரே ஆகும். மழையில் நனைந்த ஜாக்கெட்டோடு நான்கு பேர் ஏறினால் உள்ளே உடனே புகைமாதிரி மூடிக்கொள்ளும். சுத்தமான பிளாஸ்டிக்கில் அந்த மூட்டம் சூடான காற்று பட்டதும் சீக்கிரம் விலகுகிறது. கைரேகைப் பிசுக்கு இருந்த இடங்களில் திட்டுத்திட்டாக நிற்கிறது. சட்டைக் கையால் துடைக்கப் போகும் நண்பர்களைத் தடுத்து விடுங்கள். ஜிப் பட்டால் கீறிவிடும்.

லெமன் பிளெட்ஜோடு ஒப்பிடச் சொல்லிக் கேட்பார்கள். மேஜை நாற்காலிக்கு அடிக்கும் அதே ஸ்ப்ரேதான். இங்கே பல மூத்த பைலட்கள் விமானக் கண்ணாடிக்கு அதைத்தான் அடிக்கிறார்கள். விலை குறைவு, பூச்சிக்கறையும் நன்றாக வருகிறது. கோடைக்கு அது போதும். மழைக்காலத்தில், அதிலும் இருட்டிய பிறகு, பிளெக்சஸ் விட்டுப்போகும் படலம்தான் என் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது. ஓடுபாதை விளக்கைச் சுற்றி மங்கல் வட்டம் தெரிவதில்லை.

விமானத்தின் வயிற்றுப்பகுதிக்கு இது வேண்டாம், வீண்செலவு. புகைபோக்கிக்குப் பின்னால் நீளும் சாம்பல் நிற ஈயக்கறைக்கும் எண்ணெய்க்கும், தண்ணீர் ஊற்றாமல் துடைக்கும் விமானக் கிளீனர்கள் தனியாக இருக்கின்றன. எங்கள் ஓடுபாதையை ஒட்டியே சால்மன் மீன் ஏறிவரும் சீடர் ஆறு ஓடுகிறது. சோப்புத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விட மனம் வராது. புரொப்பல்லரை எண்ணெய் தோய்த்த துணியால் ஒரு துடைப்பு. அப்போதே முன்விளிம்பில் கல் பட்ட வெட்டு இருக்கிறதா என்றும் விரல் பார்த்துவிடும்.

சுத்தம் அழகுக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு லாங்-ஈஸீ கதையைச் சொல்வேன். பர்ட் ருட்டன் வடிவமைத்த விமானம், சின்ன இறக்கை முன்னால் இருக்கும். அந்த முன்னிறக்கையின் பழைய வடிவத்தில் மழைத்துளியோ பூச்சியோ படிந்தால் தூக்குவிசை குறைந்து மூக்கு தாழும். அதைச் சரிசெய்ய இறக்கை வடிவமைப்பாளர் ஜான் ரோன்ஸ் புது வடிவமே போட்டுக் கொடுத்தார். 172-இன் தடித்த இறக்கை அவ்வளவு நுட்பமாகக் கோபித்துக்கொள்ளாது, ஆனாலும் முன்விளிம்பைத் துடைத்து வைப்பது நல்லது.

பிளெக்சஸால் ஆகாததும் உண்டு. மயிரிழைக் கீறலை மறைக்கும், ஆழமான கீறலை நீக்காது. அதற்கு மைக்ரோ-மெஷ் மாதிரி படிப்படியாக நைசாகும் தேய்ப்புத்துணி, பொறுமை, அல்லது மெக்கானிக். அக்ரிலிக் உள்ளே வெடித்துவிட்டால் எந்த ஸ்ப்ரேயும் காப்பாற்றாது. படலமும் நிரந்தரமில்லை: தொடர்ந்து மழையில் நிற்கும் விமானத்துக்கு, தண்ணீர் முத்தாக நிற்காமல் பரவ ஆரம்பித்ததும் மறுபடி போட்டாக வேண்டும். விலையும் சாதாரணக் கிளீனரைவிடக் கூடுதல்தான். 13 அவுன்ஸ் டப்பாவை வாங்குங்கள். கண்ணாடிக்கு மட்டும் என்றால் நெடுநாள் வருகிறது. ஏரோசால் என்பதால் கோடையில் விமானத்துக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், வீட்டு ஷெட்டில் நிழலில் வையுங்கள்.