சி லைப்ரரிக்கு எந்த கோடிங் ஸ்டைல்: குனுவா, லினக்ஸ் கெர்னலா, பிஎஸ்டியின் கேஎன்எஃப்பா?

நிரலை எப்படி அடுக்கி எழுத வேண்டும் என்பதற்கு பைத்தானில் பெப் 8 என்ற ஆவணம் இருக்கிறது, கோ மொழிக்கு கோஃபம்ட் என்ற கருவி இருக்கிறது. சி-க்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்று கிடையாது. அதனால் ஒரு சி லைப்ரரியை, அதாவது மற்ற நிரல்கள் இணைத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பைப் பராமரிக்க எடுத்துக்கொள்கிற யாரும் சீக்கிரமே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். நான் பார்த்துக்கொள்ளும் லைப்ரரிக்காக மூன்று பாணிகளையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வழி இயங்குதளக்காரர்களின் கேஎன்எஃப் (கெர்னல் நார்மல் ஃபார்ம்) பக்கம் போய்விட்டேன், அதிலும் கொஞ்சம் வெட்டி ஒட்டி. ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது, அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

டேப்பா ஸ்பேஸா, இரண்டா நான்கா எட்டா என்ற சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. எதை வைத்தாலும் ஒரே மாதத்தில் கண் பழகிவிடும். பெயர்களுக்கு முன்னொட்டு வைப்பதும் அப்படித்தான், அதில் தேர்வு என்று ஒன்றுமே இல்லை: சி-யில் பெயர்கள் மோதாமல் பிரித்து வைக்கும் நேம்ஸ்பேஸ் கிடையாது, எனவே வெளியே தெரியும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் லைப்ரரியின் பெயர் முன்னால் இருந்தே ஆகவேண்டும். எஸ்கியூலைட் அதைச் செய்கிறது, கர்ல் செய்கிறது. தரவைச் சுருக்கும் ஜிலிப் (zlib) ரொம்பப் பழையது, அதில் கம்ப்ரெஸ், இன்ஃப்ளேட் என்று மொட்டையான பெயர்கள், அப்புறம் மோதல் வந்தால் தப்பிக்க எல்லாவற்றுக்கும் முன்னொட்டு போடும் ஒரு மேக்ரோவைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. டைப் பெயர்களின் முடிவில் அடிக்கோடும் டி எழுத்தும் (_t) போடும் பழக்கத்தை யூனிக்ஸ் தரநிலையான பாசிக்ஸ் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது, லிப்யூவி போன்ற பெரிய லைப்ரரிகள் அதைக் கண்டுகொள்ளாமல் நன்றாகவே ஓடுகின்றன என்றாலும் நான் தவிர்க்கிறேன். சரி, இவை எந்தப் பாணியிலும் பொது.

இப்போது மூன்று பேரையும் சுருக்கமாக.

குனு பாணியில் இஃப் போன்றவற்றுக்குத் திறக்கும் சுருள் அடைப்பு ({) தனி வரியில், அதுவும் இரண்டு ஸ்பேஸ் உள்ளே தள்ளி வரும், அதற்குள் இருப்பது இன்னும் இரண்டு ஸ்பேஸ் தள்ளும். ஃபங்ஷனை அழைக்கும்போது பெயருக்கும் வட்ட அடைப்புக்கும் நடுவில் ஒரு ஸ்பேஸ். ஜிசிசி கம்பைலர், ஜிலிப்சி லைப்ரரி எல்லாம் இதில்தான். லினக்ஸ் கெர்னல் பாணியில் எட்டு இட டேப், ஃபங்ஷனுக்கு மட்டும் சுருள் அடைப்பு அடுத்த வரியில், மற்றவற்றுக்கு அதே வரியின் கடைசியில். மூன்று நிலைக்கு மேல் உள்ளே போனால் உன் நிரலைத் திருத்து என்று அதன் ஆவணமே கறாராகச் சொல்கிறது. வரி நீளம் 80 என்பதுதான் இன்னும் அவர்கள் விரும்புவது, ஆனால் 2020-ல் பாணியைச் சோதிக்கும் ஸ்கிரிப்டின் வரம்பை 100-க்கு உயர்த்தினார்கள். கேஎன்எஃப் என்பது ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி மூன்றும் சின்னச்சின்ன வேறுபாடுகளோடு பின்பற்றும் பாணி. ஓப்பன்எஸ்எஸ்எச், டிமக்ஸ் இரண்டையும் திறந்து பார்த்தால் தெரியும். பார்வைக்கு இது கெர்னல் பாணிக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதே டேப், அதே அடைப்பு. முக்கிய வித்தியாசம் இரண்டு இடத்தில்: ஃபங்ஷன் எழுதும்போது ரிட்டர்ன் டைப் (அது திருப்பித் தரும் மதிப்பின் வகை) தனி வரியில் நிற்கும், பெயர் அடுத்த வரியின் முதல் கட்டத்தில் தொடங்கும். அப்புறம் நீளமான வரி உடைந்து அடுத்த வரிக்குப் போனால், அது வட்ட அடைப்புக்குறிக்கு நேர் கீழே போய் நிற்காமல் வெறும் நான்கு ஸ்பேஸ் மட்டும் தள்ளி நிற்கும்.

எனக்கு முடிவைத் தந்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

பயன்பாட்டு நிரலுக்கும் லைப்ரரிக்கும் பராமரிப்பில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. லைப்ரரிக்குப் பழைய வெளியீடுகள் சாவதில்லை. நீங்கள் மூன்றாவது பதிப்பில் இருக்கும்போது யாரோ முதல் பதிப்பை இன்னும் இணைத்து வைத்திருப்பார்கள், பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அதே திருத்தத்தை மூன்று கிளைகளிலும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு கிளையின் திருத்தத்தை இன்னொன்றில் எடுத்து ஒட்டும் அந்த செர்ரி-பிக் மோதாமல் இறங்குகிறதா இல்லையா என்பது, இரண்டு கிளைகளுக்கும் நடுவில் எத்தனை வரிகள் காரணமில்லாமல் மாறியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. காரணமில்லாமல் வரி மாறுவதற்கு முதல் காரணம் தொடரும் வரிகளை அடைப்புக்குறிக்கு நேர் கீழே நிறுத்தும் இந்த நேர்கட்டல்.

ஒரு உதாரணம். லைப்ரரியில் ஐந்து பராமீட்டர் வாங்கும் ஒரு உள்ளூர் ஃபங்ஷன், அது நான்கு வரிகளில் பரவியிருக்கிறது. வெளியே தெரிய வேண்டாத சிம்பல்களை மறைக்கும் வேலை செய்யும்போது அதற்கு ஸ்டாட்டிக் சேர்க்கிறீர்கள், லைப்ரரிகளில் இது அடிக்கடி செய்யும் வேலை. கெர்னல் பாணியில் அந்தச் சொல்லும் ஒரு ஸ்பேஸும் சேர்ந்து ஏழு கட்டம், முதல் வரி ஏழு கட்டம் வலப்புறம் நகர்கிறது, அடைப்புக்குறியும் நகர்கிறது, அதற்கு நேராக நிற்க வேண்டிய மற்ற மூன்று வரிகளும் கூடவே நகர வேண்டும். ஒரு சொல் சேர்த்ததற்கு டிஃபில், அதாவது மாற்றங்களைக் காட்டும் பட்டியலில், நான்கு வரி. கேஎன்எஃப்பில் ரிட்டர்ன் டைப் இருக்கும் வரி மட்டும் மாறும், பராமீட்டர் வரிகள் அசையாது. குனு பாணியிலும் ரிட்டர்ன் டைப் தனி வரிதான் என்பதால் இந்த உதாரணத்தில் அது தப்பித்துவிடும், ஆனால் ஃபங்ஷனின் பெயரையே மாற்றினால் மாட்டிக்கொள்ளும்: பெயர் நான்கு எழுத்து நீண்டால், அதை அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் கீழே தொங்கும் எல்லா வரிகளும் நான்கு கட்டம் நகரும். அழைக்கும் இடம் பத்து, ஒவ்வொன்றும் நான்கு வரி என்றால், பத்து வரியில் முடிய வேண்டியது நாற்பது ஆகிறது.

வெற்றிடத்தைக் கணக்கில் எடுக்காதே என்று பதிப்புகளைப் பார்த்துக்கொள்ளும் கருவியான ஜிட்டிடம் சொல்லலாமே என்று கேட்கலாம். சொல்லலாம், டிஃபுக்கும் மெர்ஜுக்கும் அந்த வசதி உண்டு, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நகர்ந்ததால் வரி 80-ஐத் தாண்டி ஒரு ஆர்க்யுமென்ட் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டால் அந்த வசதி கைகொடுக்காது, ஏனென்றால் வரி உடையும் இடமே மாறிவிட்டது. கேஎன்எஃப்பிலும் இது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், பெயர் நீண்டால் அங்கேயும் வரி வழியும். எப்போதாவதுதான் நடக்கும், அவ்வளவுதான்.

பெயர் முதல் கட்டத்தில் தொடங்குவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வரித் தொடக்கத்தில் இந்தப் பெயர் எங்கே என்று தேடும் கட்டளையான கிரெப் கொடுத்தால் ஃபங்ஷன் எழுதப்பட்ட இடம் நேராக வந்து விழும், அழைக்கும் இடங்கள் எல்லாம் குறுக்கே வராது. எடிட்டரே எல்லாவற்றையும் காட்டுகிற காலத்தில் இது எதற்கு என்று தோன்றலாம். பழைய பதிப்பின் மூலக்கோப்புகள் மட்டும் இருக்கும் ஏதோ ஒரு சர்வரில் பிழையைத் தேடும்போது இதன் அருமை தெரியும்.

கேஎன்எஃப்பை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்றேனே, எதையெல்லாம் விட்டேன் என்றால்: ஸ்ட்ரக்ட் உறுப்பினர்களின் பெயர்களை டேப் வைத்து ஒரே நெடுவரிசையில் நிறுத்தும் வழக்கத்தை விட்டேன், மேலே சொன்ன அதே காரணத்துக்காக, நீளமான டைப்போடு ஒரு உறுப்பினர் சேர்ந்தால் மற்ற எல்லாரும் நகர வேண்டும். ரிட்டர்ன் மதிப்பை வட்ட அடைப்புக்குள் போடும் ஃப்ரீபிஎஸ்டி பழக்கத்தையும் விட்டேன். ஒற்றை வரி இஃபுக்கு சுருள் அடைப்பு வேண்டாம் என்ற சலுகையையும் எடுத்துவிட்டேன், எங்களிடம் எப்போதும் அடைப்பு உண்டு. இதற்கு 2014-ல் ஆப்பிளின் எஸ்எஸ்எல் நிரலில் ஒரே கோட்டூ வரி (வேறு இடத்துக்குத் தாவச் சொல்வது) இரண்டு முறை விழுந்து சர்வரின் கையொப்பச் சரிபார்ப்பையே தாண்டிப்போன பிழையை எல்லோரும் உதாரணமாகக் காட்டுவார்கள். அடைப்பு இருந்திருந்தால் அது நிச்சயம் தடுக்கப்பட்டிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது, தவிர 2016-ல் வந்த ஜிசிசி 6 முதல் கம்பைலரே அந்த மாதிரி இன்டென்ட்டைப் பார்த்து எச்சரிக்கிறது. என் காரணம் மறுபடியும் டிஃப்தான்: அடைப்பு ஏற்கெனவே இருந்தால் இரண்டாவது வரி சேர்க்கும்போது ஒரே வரி மாறும், இல்லையென்றால் இஃப் வரியும் மூடும் அடைப்பும் சேர்ந்து மாறும்.

ஏற்கெனவே இருக்கும் லைப்ரரியை மாற்றுவதாக இருந்தால் ஓப்பன்எஸ்எஸ்எல் 2015 தொடக்கத்தில் செய்ததைப் பாருங்கள். முழு நிரலையும் புதிய பாணிக்கு மாற்றியபோது முதன்மைக் கிளையோடு நிறுத்தாமல் பராமரிப்பில் இருந்த பழைய கிளைகளையும் மாற்றினார்கள், மாற்றத்துக்கு முன், பின் என்று டேகும் போட்டு வைத்தார்கள். முதன்மைக் கிளையை மட்டும் மாற்றினால் அடுத்த திருத்தத்திலிருந்தே எல்லா பேட்ச்சும் மோதத் தொடங்கும். எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்று காட்டும் பிளேம் கெட்டுப்போகுமே என்ற கவலைக்கு 2019-ல் வந்த ஜிட் 2.23 பதில் சொல்லிவிட்டது, அந்தக் கமிட்டை ஒரு கோப்பில் எழுதி வைத்தால் பிளேம் அதைத் தாண்டிப் பார்க்கும்.

கருவி விஷயத்தில் மட்டும் குனுவுக்கு ஒரு படி மேல். நிரலைத் தானாக ஒழுங்குபடுத்தும் கிளாங்-ஃபார்மட்டில் குனு பாணி உள்ளேயே இருக்கிறது, கேஎன்எஃப்புக்கு நீங்களே ஓர் அமைப்புக் கோப்பு வைக்க வேண்டும். கெர்னலும் ஃப்ரீபிஎஸ்டியும் தங்கள் மூலத்தோடு ஒன்று தருகின்றன, ஃப்ரீபிஎஸ்டியின் கோப்பிலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் போதும். கிளாங்-ஃபார்மட்டின் பதிப்பு மாறினால் அதன் முடிவும் கொஞ்சம் மாறும், ஆகவே தானியங்கிச் சோதனையில் ஒரே பதிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மாறிய வரிகளை மட்டும் ஒழுங்குபடுத்தும் ஜிட் துணைக்கட்டளையும் அதனோடு வருகிறது, பழைய கிளைகளில் அதை மட்டும் ஓட்டுங்கள்.

என் அனுபவம் சின்னக் குழுவோடும் யூனிக்ஸ் பக்க ஆட்களோடும் மட்டும்தான். நூறு பேர் பங்களிக்கும் லைப்ரரி என்றால், பங்களிப்பவர்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே கைவந்த கெர்னல் பாணியை வைத்துக்கொள்வது மேலாக இருக்கலாம். அப்படி எடுத்தாலும் தொடரும் வரிகளை அடைப்புக்கு நேராகக் கட்டும் அந்த ஒரு அமைப்பை மட்டும் அணைத்துவிட்டு எடுங்கள். ஒரே ஒரு கிளை, பழைய பதிப்புக்குத் திருத்தமே தருவதில்லை என்று இருப்பவர்களுக்கு நான் சொன்ன பெரிய காரணமே பொருந்தாது, அவர்கள் கண்ணுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.