ரேடியோ மாட்டுவதற்கு எட்டு மதிப்பெண்: டாஸ் காருடன் 11 ஆண்டுகள்

பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பேரன் போன வாரம் ஒரு நோட்டுத் தாளோடு வந்து நின்றான். காரில் தானே செய்துகொள்ளக்கூடிய மாற்றங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம் போட்டிருந்தான். "அங்கிள், எது எவ்வளவு கடினம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுக் கொடுங்கள். எளிதானதிலிருந்து தொடங்குகிறேன்" என்றான். கூடவே, என் டாஸை, அதாவது என் பழைய டொயோட்டா காரை, விலைக்குத் தருவேனா என்றும் கேட்டான். கை பழகுவதற்கு அதைவிடத் தோதான வண்டி கிடையாது என்று தாத்தா சொல்லியிருக்கிறார்.

வாசலில் நின்றபடியே ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது போதாது என்று அன்று இரவு முழுக்க மனம் அரித்தது. குறிப்பாக அவன் தாளில் ஒரு கட்டத்தில் பென்சிலால் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த எண்: "ரேடியோ மாற்றுதல், 2". அந்த இரண்டைப் பார்த்ததிலிருந்து எனக்கு அமைதியில்லை.

டாஸைப் பற்றித் தென்னாப்பிரிக்காவில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. 1996 முதல் 2006 வரை டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டன் ஆலையில் செய்தார்கள். இசிபிங்கோவில் என் வீட்டிலிருந்து அந்த ஆலை சில நிமிடத் தொலைவுதான். தாத்தா அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னுடையது 2004இல் வந்த 1.3 லிட்டர் வண்டி, 2014இல் வாங்கினேன். பானட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றி முழங்கை வரை நுழைய இடமிருக்கும். 10, 12, 14, 17 என்று நான்கு ஸ்பேனர் கையில் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். பெட்ரோலையும் காற்றையும் இயந்திரமுறையில் கலக்கும் கார்புரேட்டர் எஞ்சின் என்பதால் கணினியைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை; காதால் கேட்டே சரிசெய்யலாம். பழைய இரும்புக் கடைகளில் உதிரிப் பாகம் மலையாகக் கிடக்கிறது. புதிதாகக் கற்கிறவனுக்கு இப்படியொரு பொறுமையான வண்டி அமைவது கொடுப்பினை.

ஆனால் மதிப்பெண் போடுவதற்கு வண்டி மட்டும் போதாது. 11 ஆண்டுகளில் நான் கண்டுகொண்ட அளவுகோல் ஒன்றுதான். செய்த தவறு உடனே கண்ணிலோ காதிலோ பட்டுவிடுகிற வேலை எளிது. தவறு ஒளிந்துகொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கிற வேலை கடினம். கைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எத்தனை போல்ட் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். பழைய 13 அங்குல இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 15 அங்குல அலாய் மாட்டினேன். நான்கு நட், அரை மணி நேரம். மறுநாள் என்2 நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் கைக்குள் நடுங்கத் தொடங்கியது. பாலன்ஸ் பார்த்தேன், சரியாக இருந்தது. தாத்தாதான் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, நடுத் துளையில் விரலைவிட்டுக் காட்டினார். டாஸின் ஹப், அதாவது சக்கரம் உட்காரும் நடுக்குமிழ், 54.1 மில்லிமீட்டர். கடையில் விற்கும் அலாயோ பல வண்டிகளுக்கும் பொருந்தட்டும் என்று 73.1 மில்லிமீட்டர் துளையோடு வருகிறது. இடைவெளியில் சக்கரம் மயிரிழை விலகி உட்கார்ந்துவிடும். நடுவில் போடுகிற பிளாஸ்டிக் வளையம் நான்கு வாங்கிப் போட்டதும் நடுக்கம் நின்றது. நட்டுகளை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 103 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்த்தால் அந்த வேலை முடிந்தது. தவறு செய்தேன், மறுநாளே வண்டி சொல்லிவிட்டது. மூன்று மதிப்பெண்.

சீட் உறை, கியர் குமிழ், மிதியடி எல்லாம் ஒன்று. கூம்பு வடிவக் காற்று வடிகட்டி இரண்டு; ஆனால் எஞ்சின் அறையின் சூட்டுக் காற்றைத்தான் அது உறிஞ்சும். சத்தம் கூடும், இழுவை கூடாது. நான் ஓர் ஆண்டு வைத்திருந்துவிட்டுப் பழைய பெட்டியையே திரும்ப மாட்டிவிட்டேன்.

கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு ஐந்து. கொப்புளம் வராமல் ஒட்டுவது பழக்கத்தில் வந்துவிடும். கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். இந்நாட்டுச் சட்டப்படி முன் கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையும் மற்ற கண்ணாடிகள் 35 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும். கடையில் 35 என்று எழுதியிருக்கும் ஃபிலிமை வாங்கி ஒட்டினால் சட்டத்துக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணாடி தானாகவே ஒரு பங்கு வெளிச்சத்தைத் தடுக்கிறதே! கண்ணாடி 75 சதவீதம் விட்டால், அதன்மேல் 35 ஃபிலிம் ஒட்டியபின் மிஞ்சுவது 26தான். வண்டியைக் கைமாற்றுவதற்குத் தகுதிச் சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் அத்தனையையும் உரிக்க வேண்டியிருக்கும்.

இனி ரேடியோ.

நான் வாங்கும்போதே இந்த வண்டியில் புது ரேடியோ ஒன்று இருந்தது. முந்தைய உரிமையாளர் ஏதோ ஒரு கடையில் கொடுத்து மாட்டியிருந்தார். ஒலி நன்றாக இருந்தது, இரவில் அதன் பொத்தான்கள் நீலமாக ஒளிர்ந்தன. ஐந்து ஆண்டுகள் நான் டாஷ்போர்டுக்குப் பின்னால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

2019 மார்ச் மாதம், வெருலத்தில் ஒரு திருமணம் முடிந்து இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். மனைவி பக்கத்தில், மகள் பின் இருக்கையில் தூக்கம். நல்ல மழை. உம்கெனி ஆற்றுப் பாலம் தாண்டியதும் டாஷ்போர்டு சட்டென்று இருண்டது. வேகமானி தெரியவில்லை. முன் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் சாலை தெரிந்தது. சிறு பல்புதான் போயிருக்கும் என்று நினைத்துவிட்டேன். அடுத்த நிமிடம் பின்னாலிருந்து ஒரு கனரக லாரி நீளமாக ஹாரன் அடித்தபடி, கடைசி நொடியில் தடம் மாறி எங்களை உரசுவதுபோல் கடந்தது. அதன் தண்ணீர் கண்ணாடி முழுக்க அடித்தது. மகள் விழித்து அழுதாள். அப்போதுதான் உறைத்தது: பின் விளக்குகளும் எரியவில்லை. அந்த மழையில், என்3 நெடுஞ்சாலை வந்து பின்னிக்கொள்ளும் சந்திப்புக்கு முன்னால், எங்கள் வண்டி யார் கண்ணுக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாக ஊர்ந்து வீடு சேர்ந்தோம். மறுநாள் ரேடியோவை வெளியே இழுத்தேன். பின்னாலிருந்து வந்தது கறுப்பு டேப் சுற்றிய ஓர் உருண்டை, என் முஷ்டி அளவு. டர்பன் வெயிலில் டேப்பின் பசை உருகிக் கம்பங்கூழ்போல் கையில் ஒட்டியது. உரித்துப் பார்த்தால், தொழிற்சாலை பிளக்கை அறுத்தெறிந்துவிட்டு வயரை வயரோடு முறுக்கியிருந்தார்கள். ரேடியோ பொத்தான்கள் நீலமாக ஒளிர வேண்டும் என்பதற்காகப் பச்சை வயரில் ஒரு கிளிப்பைக் கடிக்கவிட்டு மின்சாரம் எடுத்திருந்தார்கள். டொயோட்டாவில் அந்தப் பச்சை வயர் பின் விளக்குகளின் ஃபியூஸிலிருந்து வருவது. அதை ஓர் இரும்புத் தகட்டின் விளிம்பில் கிடத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். வண்டி அதிர அதிரத் தகடு ஐந்து ஆண்டுகளாக உறையை அறுத்திருக்கிறது. செம்பு தகட்டைத் தொட்ட நொடியில் ஃபியூஸ் போனது. அதோடு டாஷ்போர்டு வெளிச்சமும் பின் விளக்கும் போயின.

அந்தக் கடைக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் மேல் இன்றும் எனக்குக் கோபம் இருக்கிறது. முழு வேலையையும் அவர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்திருப்பார். பாட்டும் ஓடியது, விளக்கும் எரிந்தது. அன்றைக்கு யார் சோதித்திருந்தாலும் வேலை கச்சிதம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இதனால்தான் ரேடியோவுக்கு இரண்டு என்று எழுதியதைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தது.

சரியாகச் செய்வதற்கு எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. வண்டியின் பிளக்குக்குப் பொருந்தும் இணைப்பு வயர் கடையில் கிடைக்கிறது. அதை வாங்கிவிட்டால் ஒரு வயரைக்கூட அறுக்க வேண்டாம். எனக்கு அறுபட்ட பிளக்குக்குப் பதில் பழைய வண்டியிலிருந்து ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. நிறத்தை நம்பக் கூடாது என்பதையும் அப்போதுதான் கற்றேன். கடை ரேடியோவில் கறுப்பு என்றால் எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்பும் வழி. டொயோட்டாவின் பக்கத்திலோ பழுப்பும், வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டதும்தான் எர்த். கறுப்பைத் தேடிக் கறுப்போடு சேர்க்கிறவன் வேறெதையோ சேர்க்கிறான். வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு வயரையும், சாவி போட்டும் போடாமலும், விளக்கு போட்டும் போடாமலும் அளந்து தாளில் எழுதிய பிறகே தொட வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் ஈயத்தால் பற்றவைத்து, சூடுபட்டால் சுருங்கும் குழாயை மேலே இழுத்துவிட்டேன். வயர்க்கட்டு எங்கெல்லாம் தகட்டைத் தொடுகிறதோ அங்கெல்லாம் துணி டேப் சுற்றினேன்.

அந்த உற்சாகத்தில் முன் விளக்குக்கு ரிலேயும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டேன். அது எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி. பாட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும்போது பல்பில் 10.9தான் வந்துகொண்டிருந்தது, மிச்சம் பழைய சுவிட்சிலும் நீண்ட வயரிலும் தொலைந்துபோயிருக்கிறது. பாட்டரியிலிருந்து நேராக, ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைத்து, தடித்த வயரில் ரிலே வழியாகக் கொடுத்ததும் 12.2 வந்தது. அதே பல்பு, அதே கண்ணாடி. சாலை வேறு சாலையாகத் தெரிந்தது. அன்று இரவு மகளை உட்காரவைத்து, காரணமே இல்லாமல் கடற்கரை வரை போய் வந்தேன். அந்த வேலைக்கு ஏழு மதிப்பெண். பொறுமையுள்ளவனுக்கு அதுவும் முடியும்.

அதற்குப் பிறகு 2022 ஏப்ரல் வெள்ளம் வந்தது. நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன வெள்ளம் அது. பிராஸ்பெக்டன் ஆலைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. எங்கள் தெருவில் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது, ஆனால் டாஸின் தரைவிரிப்பு நனைந்தது. இருக்கைகளைக் கழற்றி, விரிப்பைப் பிரித்து மாடிப்படிக் கைப்பிடியில் உலர்த்தினோம். கால் வைக்கும் இடத்துக்குப் பக்கவாட்டில் இருக்கும் இணைப்புப் பெட்டிகளைத் திறந்தபோது ஊசிமுனை அளவுக்குப் பச்சைக் களிம்பு. நான் தூத்துக்குடிக்காரன். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று உப்பளத்து வீடுகளின் கதவுக் கீல்களில் பார்த்து வளர்ந்தவன். செம்பை ஈரம் இப்படிச் சத்தமில்லாமல் தின்னும் என்று அன்றுதான் கண்டேன்.

எல்லாவற்றையும் துடைத்து மாட்டினேன். ஆனால் ஒன்று தப்பிவிட்டது. ஈரக்காற்று அடிக்கும் இரவுகளில் இடது இண்டிகேட்டரைப் போட்டால் ரேடியோவின் வெளிச்சமும் அதே தாளத்தில் மங்கி மங்கி எரிகிறது. இரண்டும் எங்கேயோ ஒரு கெட்டுப்போன எர்த்தைப் பங்கு போடுகின்றன. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை எர்த் போல்ட்டிலும் வைத்து, விளக்கை எரியவிட்டு அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஈர இரவில் எனக்கு 0.6 காட்டுகிறது. பகலில் அளந்தால் ஒன்றுமில்லை. மூன்று ஆண்டுகளாகத் தேடுகிறேன். இதை எழுதும் இந்த மாலையிலும் அது கண் சிமிட்டுகிறது.

ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி வண்டியைத் தாழ்த்தும் வேலையைப் பேரன் பட்டியலின் நடுவில் எழுதியிருந்தான். அதற்கு நான் எண் போடவில்லை, கட்டத்தையே அடித்துவிட்டேன். டாஸில் நான்கு சக்கரத்திலும் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு. அழுத்தி நிற்கும் ஸ்பிரிங்கைக் கருவியால் ஒழுங்காகப் பிடிக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் அது முகத்தை நோக்கித்தான் வரும். அங்கே தவறு உடனே தெரியும்தான், தெரிந்து பயனில்லை. அதைக் கற்றுக்கொடுக்க ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நேற்று மாலை அவனையும் தாத்தாவையும் உட்காரவைத்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ரேடியோவுக்கு எதிரே இருந்த இரண்டை அழித்துவிட்டு எட்டு என்று பேனாவால் எழுதியிருந்தேன். தாத்தா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, எட்டு குறைச்சல்" என்றார்.

காரைத் தருவேனா என்று மறுபடியும் கேட்டான். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டியை நான் பார்த்ததில்லை என்று இவ்வளவு நேரம் சொன்னவன்தான் நான். அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். ஆனாலும் இந்த டாஸை வாங்காதே என்றேன். அந்த 0.6 வோல்ட் எங்கே தொலைகிறது என்று தெரியாமல் இன்னொரு வீட்டுப் பிள்ளை கையில் இதன் சாவியைக் கொடுக்க எனக்கு மனமில்லை. வயர்கள் யார் கையும் படாத வேறொரு டாஸ் அகப்பட்டால் கடன் வாங்கியாவது வாங்கு, பார்க்க நானே கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை மழை வரும் என்கிறார்கள். வந்தால், இருட்டியதும் மீட்டரை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். இடது பக்கத் தகட்டைக் கழற்றி, அங்கிருந்து ஒவ்வொரு எர்த்தாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.