தமிழ்ப் பாட்டுக்கு மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் சரிப்பட்டு வருமா?

இந்த ஸ்ட்ரீமிங் காலத்திலும் எம்பி3 சேர்த்து வைத்திருக்கிற ஆட்கள் சென்னையில் இன்னும் நிறையவே இருக்கிறார்கள். நானும் அந்தக் கோஷ்டிதான். எங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பாட்டு இருக்கும், விவரம் இருக்காது. பர்மா பஜார் சிடியிலிருந்து ஏற்றியது ‘ட்ராக் 07’ என்று நிற்கும். எங்கேயோ டவுன்லோட் செய்தது என்றால், பாடகர் பெயர் வரவேண்டிய இடத்தில் அந்தத் தளத்தின் முகவரி ஓடும். இளையராஜாவை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருப்பதால் ப்ளேயரில் நாலைந்து இளையராஜா.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்த, பாட்டுக் கோப்புகளில் விவரங்களை நிரப்பும் மென்பொருளான பிகார்டைத் தாராளமாக நம்பலாம். இலவசம், விளம்பரம் இல்லை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விவரம் வருவது மியூசிக்பிரெய்ன்ஸ் தரவுத்தளத்திலிருந்து. அதைத் தொடங்கியவர் ராபர்ட் கே, நிரப்புவது உலகம் முழுக்க உள்ள ஆர்வலர்கள்.

கோப்புகளை இடதுபக்கம் இழுத்துப் போட்டு ‘ஸ்கேன்’ அழுத்தினால், பாட்டின் முதல் இரண்டு நிமிட ஒலியிலிருந்து கைரேகை மாதிரி ஒன்றை எடுத்து, அப்படிப்பட்ட ரேகைகளின் தரவுத்தளமான அக்கூஸ்ட்ஐடியில் ஒப்பிட்டு, வலதுபக்கம் ஓர் ஆல்பத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கும். பெயரே இல்லாத கோப்புக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பக்கத்தில் வரும் சின்னச் சதுரம் பச்சையாக இருந்தால் நன்றாகப் பொருந்துகிறது, சிவப்பை நோக்கிப் போகப் போகச் சந்தேகம். சேவ் அழுத்தும்வரை கோப்பில் எதுவும் மாறாது, பயப்பட வேண்டாம். கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டுகளில் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள், டெக் வேகம் கூடக்குறைய இருந்தால் ரேகையே மாறிவிடும். அப்புறம், ஒரு படத்துப் பாட்டுகளை மொத்தமாக ஸ்கேன் செய்தால் சிலது அந்தப் படத்திலும் சிலது ஏதோ ஒரு ‘ஹிட்ஸ்’ தொகுப்பிலும் போய் விழலாம். முதலில் ‘கிளஸ்டர்’ செய்து (ஒரே ஆல்பத்துக் கோப்புகளை ஒன்றாகச் சேர்ப்பது), பிறகு ‘லுக்அப்’ (இருக்கிற விவரத்தை வைத்து ஆல்பத்தைத் தேடுவது) கொடுங்கள், பாதித் தலைவலி போய்விடும்.

நமக்கு முக்கியமான விஷயம் பாடலாசிரியர். ஒரே படத்தில் ஒரு பாட்டு கண்ணதாசன், இன்னொன்று வாலி என்று இருக்கும். பாட்டுக்குப் பாட்டு தனியாகக் குறிக்காவிட்டால் பிரயோஜனமில்லை. பிகார்டில் இது தானாக வராது, ஆப்ஷன்ஸில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய் ட்ராக் ரிலேஷன்ஷிப்ஸை, அதாவது பாட்டில் யார் யாருக்கு என்ன பங்கு என்பதை, எடுக்கச் சொல்லும் இடத்தை டிக் செய்ய வேண்டும். செய்தாலும், தரவுத்தளத்தில் யாராவது ஏற்றியிருந்தால்தான் வரும். தமிழில் இந்த இடம்தான் ஓட்டை: இசையமைப்பாளர், பாடகர் இருப்பார்கள், எழுதியவர் கட்டம் காலியாக இருக்கும். அதேபோல் 1965-ல் பிரியும்வரை விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்தவை. நம் கோப்புகளில் எத்தனையில் ராமமூர்த்தி பெயர் இருக்கிறது, பாருங்கள். மியூசிக்பிரெய்ன்ஸில் இருவரையும் தனித்தனி ஆளாகவே இணைக்க முடிகிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது அது.

காலியாக இருப்பதை மியூசிக்பிரெய்ன்ஸ் தளத்தில் நாமே நிரப்பலாம். கணக்குத் தொடங்க காசு கிடையாது, சில திருத்தங்கள் மட்டும் 7 நாள் வாக்கெடுப்பில் இருக்கும். ஆதாரமாக எல்பி அட்டையோ கேசட் இன்லேயோ கையில் இருந்தால் மட்டும் ஏற்றுங்கள். நினைவிலிருந்து ஏற்றும் மகானுபாவர்களால்தான் பாதிக் குழப்பம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இங்கே திருத்தினால் கவிஞருக்கு ராயல்டி போய்ச் சேராது. 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கை வசூலித்துக் கொடுப்பது ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு. அங்கே யார் எழுதியது என்று பதிவாகியிருக்க வேண்டும், அது கம்பெனிகளும் படைப்பாளிகளும் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

ஆப்பில் மட்டும் பாட்டு கேட்கிறவர்களுக்கு பிகார்டால் ஒரு உபயோகமும் இல்லை. சொந்தமாகக் கோப்பு வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு படத்துப் பாட்டுகளை நகலெடுத்து அதில் முதலில் ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், மொத்த டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் கொட்டினால் திணறும்.