மட்டக்களப்புத் தரவு நிலையமொன்றில் பிடிபி தலைமைக் கடிகாரம்: பயன்பாட்டு மதிப்புரை

மட்டக்களப்பு நகரிலுள்ள எமது சிறிய தரவு நிலையத்தில், ஜிபிஎஸ் செய்மதிகளிலிருந்து நேரம் பெற்று, வலையமைப்பிலுள்ள ஏனைய கடிகாரங்களை ஒத்திசைக்கும் பிடிபி (துல்லிய நேர நெறிமுறை) தலைமைக் கடிகாரமொன்றைப் பயன்படுத்தி வருகின்றோம். கணினிகள் வழமையாக நேரம் பெறும் என்டிபி நெறிமுறையின் துல்லியம் பொதுவாக மில்லிசெக்கன் அளவில் நின்றுவிட, 2002 இல் முதன்முதலாக வெளியான பிடிபி நியமம், செய்தி சென்ற, வந்த கணத்தைக் குறிக்கும் நேரமுத்திரையை வலையமைப்பு அட்டையின் வன்பொருளே இடுவதால், மைக்ரோசெக்கனுக்கும் கீழே இறங்குகிறது. அந்த அளவில் கருவி ஏமாற்றவில்லை.

ஆயினும் ஒளியிழை இணைப்பில் துல்லியம் பெரிதும் பொருத்துபவரிடமே தங்கியுள்ளது. இழையில் ஒளி ஒரு மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோசெக்கன் எடுக்கும். போகும் வழியும் வரும் வழியும் ஒரே தாமதம் உடையவை என்று பிடிபி கருதிக்கொள்வதால், இரண்டு இழைகளின் நீளம் 10 மீற்றர் வேறுபட்டால் கடிகாரம் ஏறத்தாழ 25 நானோசெக்கன் பிழையுடனேயே நிற்கும், அதை மென்பொருள் தானாக உணராது. திருத்த எண்ணை உள்ளிடும் வசதி இருப்பது நன்று. அமைப்புப் பட்டியலின் அடியாழத்தில் அதை ஒளித்து வைத்தது ஏனோ?

பிடிபி பின்பற்றும் டிஏஐ (சர்வதேச அணு நேரம்), அன்றாடக் கடிகாரங்களுக்கு அடிப்படையான யுடிசியை (உலகப் பொது நேரம்) விட 37 செக்கன் முன்னிற்பதைக் கைநூல் ஒரே வரியில் கடந்துவிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகை மாத இடிமின்னலுக்கு அஞ்சுவோர் கூரை அன்ரெனாவுக்கான மின்னல் தடுப்பானைத் தனியே வாங்கவேண்டும். செய்மதித் தொடர்பு அறுந்த பின்பும் நாள் முழுவதும் மைக்ரோசெக்கன் அளவைக் காக்க விரும்புவோருக்கு, இதிலுள்ள, கடிகாரத்துக்குத் துடிப்புத் தரும் குவார்ட்ஸ் அலையியற்றியை விட விலை கூடிய ருபீடியம் வகையே பொருத்தம்.